கேட்க ஆளில்லாத ஆமை

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஆமையார் என்றுதான் கூப்பிட்டார்கள். வெறும் ‘ஆமை’ என்று நிறுத்தியிருந்தால் அவர் கோபப்பட்டிருக்கலாம். பின்னால் ஒரு ‘யார்’ ஒட்டியிருந்ததால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. மாடிப்படி ஏறுகிற வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பொருத்தம் சரிதான், காரணம்தான் வேறு.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். சின்னப் பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் செய்கிற இடம். செய்கிறவர்களில் ஒருவர் வீட்டிலும் ஏழெட்டு வயதில் பிள்ளை கிடையாது. பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மீதிப் பேருடைய பிள்ளைகள் மீசை முளைத்து எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆமையாருக்கு ஒரு காலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. பிறகு அது ஆகாததாகிவிட்டது. பிள்ளை என்ற பேச்சு எழுவதற்குள் வக்கீல் என்ற பேச்சு எழுந்துவிட்டது. அப்படியானால் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிப்பார்கள். கடைசியில் யார் குரல் உரக்க இருக்கிறதோ அவருக்குப் பிடித்ததே பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று முடிவாகும்.

ஆமையாருக்குக் குரல் கிடையாது. ஆனாலும் எப்படியோ ஓர் ஆமையை உள்ளே விட்டுவிட்டார்.

விஷயம் இவ்வளவுதான். பிள்ளை கணக்குப் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், திரையின் கீழ் மூலையிலிருந்து ஓர் ஆமை தலையை நீட்டும். மெதுவாக நடந்து நடுவுக்கு வரும். கழுத்தைத் தூக்கி, “இருக்கியா?” என்று கேட்கும். கீழே ‘இருக்கேன்’ என்று ஒரு பொத்தான் தோன்றும். அதைத் தொட்டால் ஆமைக்கு ஒரே சந்தோஷம். திரும்பி, வந்த வழியே நடந்து மூலைக்குள் போய்விடும்.

அந்த நடையை வரைய அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மிருகக்காட்சிசாலைக்குப் போய் ஆமைத் தொட்டி முன்னால் உட்கார்ந்துகொள்வார். ஆமை நடக்கட்டும் என்று அவர் காத்திருப்பார். இவர் போகட்டும் என்று ஆமை காத்திருக்கும். பெரும்பாலும் ஆமைதான் ஜெயித்தது. குரலும் அவருடையதே, கொஞ்சம் கீச்சாக்கியிருந்தார்கள். பெயர் வந்த காரணம் இதுதான்.

“ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க சார்,” என்றான் புரோகிராம் எழுதுகிற தாடி. “நீங்க வீடு வீடா அனுப்பி வெக்கறீங்க.”

ஆமையார் சிரித்துவைத்தார். ‘இருக்கியா’ எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். அது அவருடைய அக்காவின் வார்த்தை. ஹலோ எல்லாம் அவளுக்குக் கிடையாது. வேறு ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள், எடுத்ததும் “இருக்கியா?” என்பாள், “இருக்கேன்க்கா” என்பார், அதற்குப் பிறகு அவர் பேச வேண்டிய அவசியமே இருக்காது; அக்கா பார்த்துக்கொள்வாள். அக்கா மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது. அந்தப் போன் மாதத்துக்கு ஒன்றாயிற்று, பிறகு எப்போதாவது என்றாயிற்று, பிறகு இல்லை. சண்டையா என்றால் சண்டை இல்லை. இவர் போன் செய்திருக்கலாமே என்றால், செய்திருக்கலாம். ஆனால் அக்காவுக்கு வேலை இருக்கும். குழந்தைகள் அப்போதுதான் தூங்கியிருக்கும். மணியடித்து எழுப்பிவிட்டால் பாவம். இப்படி நல்ல நல்ல காரணங்களாகச் சேர்த்துவைத்திருந்தார். கெட்ட காரணம் ஒன்றுகூட இல்லாததால் அவற்றைத் தூக்கிப்போடவும் முடியவில்லை.

சாயங்காலங்களில் வீட்டுக்கு டேப்லெட்டை எடுத்துப்போவார். சோதனை என்று அதற்குப் பெயர். சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்துவைத்து, முதல் கணக்கைத் திறந்துவிட்டு, தொடாமல் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் மூலையில் தலை தெரியும்.

“இருக்கியா?”

“இருக்கேன்பா. ரசிச்சுச் சாப்பிட ஒண்ணுமில்ல, ரொட்டிதான்.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவார். அடுத்த வாய்க்குள் மறுபடியும் சோதனை.

புது மேலாளர் வந்தபோது சிக்கல் ஆரம்பித்தது. வயதில் ஆமையாருக்குப் பாதி இருப்பார், சுறுசுறுப்பில் நாலு மடங்கு. வந்த முதல் வாரமே எல்லோரையும் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதுவரைக்கும் இத எத்தன பசங்ககிட்ட காட்டியிருக்கீங்க?”

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“முதலாளியோட மச்சான் பையன் ஒருத்தன் பாத்தான் மேடம்,” என்றான் தாடி.

“என்ன சொன்னான்?”

“சார்ஜர் எங்கேன்னான்.”

மேலாளர் சிரிக்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பேசி, வருகிற சனிக்கிழமை பிள்ளைகளை வரவழைப்பதாகச் சொன்னார். “யாருக்காகச் செய்யறோமோ அவங்க கையில குடுத்து, அவங்க சொல்றதக் கேட்டு மாத்துவோம். நம்ம விருப்பமெல்லாம் அப்புறம்.” பிறகு ஆமையார் பக்கம் திரும்பினார். “சார், முதலாளி ஆமைய எடுக்கச் சொல்றார். அந்த நடை ரொம்ப இடம் புடிக்குதாம், பழைய டேப்லெட்ல ஆப் திணறுது. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னேன். ஆமை இருக்கணுமா வேண்டாமான்னு சனிக்கிழமை பசங்களே சொல்லட்டும். சரியா?”

“சரி மேடம்,” என்றார் ஆமையார். வேறு என்ன சொல்வது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று இந்த மாதிரிக் கூட்டங்களில் சொல்ல முடியாது.

சனிக்கிழமை அலுவலகத்தின் நடுக்கூடத்தில் குட்டி மேஜைகளும் குட்டி நாற்காலிகளும் வாடகைக்கு வந்து இறங்கின. பிள்ளைகள் பெயரை எழுதக்கூடாது என்பது மேலாளரின் விதி. ஒவ்வொரு சட்டையிலும் ஒரு நம்பர் ஒட்டப்பட்டது. இன்னொரு விதி பெரியவர்களுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். பேசக்கூடாது, காட்டக்கூடாது, உதவவே கூடாது. பிள்ளை தடுமாறினால் தடுமாறட்டும். எங்கே தடுமாறுகிறது என்பதுதானே வேண்டும்? இதற்காக ஆளுக்கொரு கெட்டி மிட்டாய் கொடுத்தார்.

“வாயில போட்டுக்கோங்க. கரையற வரைக்கும் பேச்சு இல்ல. கடிக்கக்கூடாது.”

“எனக்குச் சர்க்கரை மேடம்,” என்றார் ஆமையார்.

அவருக்கு மட்டும் சர்க்கரையில்லாத இருமல் மாத்திரை கிடைத்தது. சும்மா இருப்பதற்கும் மருந்தா என்று நினைத்துக்கொண்டே வாயில் அடக்கிக்கொண்டார்.

முதல் நம்பர் எல்லாக் கணக்கையும் தடதடவென்று போட்டான். ஆமைக்கு வேலையே வைக்கவில்லை. இரண்டாம் நம்பர் பெண் ஒரு கழித்தலில் நின்றாள். ஆமை கிளம்பியது. அவள் கன்னத்தில் கைவைத்து அதன் நடையைப் பார்த்தாள்.

“சீக்கிரம் வாயேன், எனக்கு வயசாகுது,” என்றாள்.

தாடி மிட்டாயோடு குலுங்கினான். ஆமையார் மாத்திரையை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார்.

மூன்றாம் நம்பர் செய்தது யாரும் எதிர்பாராதது. ஆமையை விரலால் பிடித்து இழுத்தான். அது புரண்டு மல்லாந்தது. நான்கு கால்களும் காற்றில் துழாவின. அப்படி ஆகும்படி யாரும் எழுதவில்லை, தாடியின் பிழைகளில் ஒன்று அது. “ஏய், மல்லாந்துடுச்சு!” என்று அவன் கத்தியதுதான் தாமதம், மேஜைக்கு மேஜை ஆமைகள் மல்லாந்தன. நாலாம் நம்பர் கணக்கை முடித்துவிட்டு, மல்லாத்துவதற்கென்றே அடுத்த கணக்கில் கொஞ்சம் நிறுத்தினான். கூடமே சிரித்தது. ஒரு வருஷம் பார்த்துப் பார்த்து நடக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளையை ஊரே சேர்ந்து தூக்கி மல்லாத்துகிறது, தகப்பன் வாயில் இருமல் மாத்திரை. ஆனாலும் ஆமையாருக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. பிடித்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது!

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஐந்தாம் நம்பர். தலைக் கிளிப் காதுவரை நழுவிய, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்ட ஒரு சின்னப் பெண். முதல் கணக்கு எட்டும் ஐந்தும். அவள் உதடு அசைந்தது. ‘பதிமூணு.’ சத்தம் வெளியே வரவில்லை, பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்தது. ஆனால் கை தொடைக்கு அடியிலிருந்து வரவில்லை. அவள் கணக்கைப் பார்க்கவில்லை. கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமை தலையை நீட்டியது. நடந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை, மல்லாத்தவில்லை. நடுவுக்கு வரும்வரை ஒவ்வோர் எட்டாகப் பார்த்தாள்.

“இருக்கியா?”

“இருக்கேன்,” என்று அவள் வாயாலும் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் பொத்தானைத் தொட்டாள்.

ஆமை திரும்பிப் போயிற்று. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மூலையைப் பார்த்தாள்.

ஆமையாரின் வாயில் மாத்திரை நின்றது. அந்த உட்காருதலை அவருக்குத் தெரியும். தட்டும் ரொட்டியும்தான் இல்லை, மற்றபடி அவருடைய சாப்பாட்டு மேஜையேதான்.

நேரம் முடிந்தபோது ஐந்தாம் நம்பர் ஒரு கணக்குகூடப் போட்டிருக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு, பெரியவர்கள் ஜன்னல் பக்கம் கூடினார்கள். கூட வந்திருந்த பள்ளிக்கூட டீச்சரும் வந்து நின்றார். மிட்டாய்கள் கரைந்துவிட்டிருந்தன. ஆமையாரின் மாத்திரைதான் இன்னும் கரைவதாக இல்லை.

“நான் நினைச்சதவிட நல்லாவே போச்சு,” என்றார் மேலாளர். “ஆமைய எடுக்க வேண்டாம். அந்த மல்லாத்தற விளையாட்டு பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். சார், உங்க ஆமை பாஸ்!”

தாடி அவர் முதுகில் தட்டினான். “ஓட்டுல தட்டிட்டேன் சார், வலிக்காது.”

“அஞ்சாம் நம்பர் மட்டும் முதல் கணக்குலயே நின்னுடுச்சு, பாவம்,” என்று மேலாளர் தொடர்ந்தார். “அத விட்டுட்டு மத்தவங்கள வெச்சு முடிவு பண்ணிக்கலாம்.”

“அவளா?” என்றார் டீச்சர். “வகுப்புல வாயே திறக்கறதில்ல மேடம். எனக்கும் சந்தேகம்தான். அவ்வளவு பிள்ளைங்கள்ல யாருக்கு என்ன வருது வரலன்னு நான் எப்படிப் பாக்க முடியும்? இதப் பாத்ததும் தெளிவாயிடுச்சு. திங்கக்கிழமை பின்தங்கின பிள்ளைங்க வரிசைக்கு மாத்திடறேன். அங்க மெதுவாச் சொல்லிக்குடுப்போம்.”

டீச்சர் கெட்டவர் அல்ல. அதில்தான் கஷ்டம்.

ஆமையார் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆமை பிழைக்கும். ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது, வாயில் மாத்திரை இருக்கிறது, விதி அவருடையது அல்ல. வாயைத் திறந்தால் அந்தப் பெண் வரிசை மாறமாட்டாள். ஆனால் அவர் சொல்லப்போகிற காரணத்தைக் கேட்டபிறகு ஆமையை யாராலும் காப்பாற்ற முடியாது, அவராலும்கூட.

மாத்திரை ‘கடக்’ என்று உடைந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

“அவளுக்குக் கணக்குத் தெரியும் மேடம். பதிமூணுன்னு முதல்லயே முணுமுணுத்தா. நான் பக்கத்துல இருந்தேன்.”

“அப்ப ஏன் சார் தொடல?”

“தொட்டா ஆமை வராதே.”

அவரே மேலே சொன்னார். “சும்மா இருந்தா ஆமை வரும். கணக்குப் போட்டா வராது. நல்லாப் போடற பிள்ளைய ஆமை எட்டிக்கூடப் பாக்காது. அப்படித்தான் நான் வெச்சிருக்கேன். அவ ஆமை வரணும்னு உக்காந்திருக்கா. தப்பு அவமேல இல்ல.”

“உங்களுக்கு எப்படி சார் அவ்வளவு உறுதியாத் தெரியும்?”

“வீட்டுல... சோதனை பண்ணிப் பாத்திருக்கேன்.”

“நீங்களா? எத்தன தடவ?”

“நிறைய,” என்றார் ஆமையார், ஜன்னலுக்கு வெளியே பார்த்து.

தாடியின் வாய் ஒரு ஜோக்குக்காகத் திறந்தது. பிறகு, அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, சும்மா மூடிக்கொண்டது.

“நீங்க சொல்றது சரின்னா,” என்று மேலாளர் மெதுவாக இழுத்தார், “ஆமைய எடுத்துடணும் சார்.”

“எடுத்துடணும்.”

“அப்ப வரிசைய மாத்த வேண்டாம்ங்கறீங்க,” என்றார் டீச்சர்.

“வேண்டாம் டீச்சர்.”

அடுத்ததாகப் படம் வரைகிற நேரம். அதையும் மேலாளர்தான் ஏற்பாடு செய்திருந்தார்: பிள்ளைகள் தங்களுக்கு என்ன மாற்றம் வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து காட்ட வேண்டும், பெரியவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், சமாதானம் சொல்லக்கூடாது. மூன்றாம் நம்பர் ஆமைமேல் விழுவதற்கு ஒரு பாறாங்கல் வரைந்தான். நாலாம் நம்பர் அதைவிடப் பெரிய பாறாங்கல் வரைந்தான்.

ஆமையார் ஐந்தாம் நம்பர் பக்கத்தில் குட்டி நாற்காலியில் உடம்பை மடித்துச் செருகிக்கொண்டார்.

“என்ன வரையறே?”

“ஆமை.”

“கால் அஞ்சு இருக்கே?”

“அது வாலு.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அந்த ஆமைய நீங்களா வரைஞ்சீங்க?”

“ஆமா.”

“நல்லாவே இல்ல. வாலே வெக்கல.”

ஆமையார் யோசித்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமை, அத்தனை நடை. வால்! “மறந்துட்டேன்,” என்றார்.

“பரவால்ல.” பச்சைக் கிரேயானை வைத்துவிட்டு மஞ்சளை எடுத்தாள். பிறகு அவரைப் பார்க்காமல் கேட்டாள். “ஆமை போயிடுமா அங்கிள்?”

ஜன்னல் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. “போயிடும் போல.”

“நான் கணக்குப் போடாததாலயா? இப்பப் போட்டுடறேன்.”

“இல்லம்மா. உன்னால இல்ல. நான் வெச்ச விதம் சரியில்ல.” சமாதானம் சொல்லக்கூடாது என்ற விதி ஞாபகம் வந்து, அவசரமாக ஒரு கேள்வி தேடினார். “இது என்ன, ஓட்டு மேல வட்டமா?”

“பொத்தான்.”

“எதுக்கு?”

“நான் கேக்கறதுக்கு.”

“என்ன கேப்பே?”

“இருக்கியான்னு.”

“யார?”

இவருக்குப் படிப்பு வருமா என்று சந்தேகப்படுகிற மாதிரி அவள் பார்த்தாள். “ஆமையத்தான். அது எல்லாரையும் கேக்குது. அத யாருமே கேக்கல. தனியா உள்ளயே இருக்கு.”

“நீ கேட்டா அது என்ன பண்ணும்?”

“இருக்கேன்னு சொல்லும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நான் கணக்குப் போடுவேன்.” மஞ்சள் வட்டத்தை அழுத்தி நிரப்பினாள். “எங்க வீட்டுலயும் நான்தான் கேப்பேன். ஸ்கூல் விட்டுப் போய்க் கதவத் திறந்ததும் கேப்பேன். அம்மா வர லேட்டாகும்.”

“அப்ப வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்களே. எதுக்குக் கேக்கறே?”

“ஒருவேளை இருந்துட்டா?” என்றாள் அவள்.



மேலாளர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. குனிந்து காகிதத்தைப் பார்த்தார். “ஆமை தானா வராது. கணக்கு முடிச்சாலும் முடிக்கலன்னாலும் நாம தொட்டுக் கேட்டாத்தான் பேசும். அப்படித்தானே பாப்பா?”

“ஆமா. சும்மா இருக்க வேண்டாம்.”

“ரெண்டு மணி நேர வேலை மேடம்,” என்றான் தாடி எங்கிருந்தோ. “மூலைல தலைய மட்டும் நீட்டினாப் போதும். நடையத் தூக்கிட்டா ஆப்பும் பறக்கும்.” சொன்ன பிறகுதான் ஆமையாரைப் பார்த்தான். “சாரி சார்.”

“தூக்கிடுப்பா,” என்றார் ஆமையார். ஒரு வருஷத்து நடை ஒரு வார்த்தையில் போயிற்று. ஆமைக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

“எழுதறதுக்கு முன்னாடி காகிதத்துலயே ஒரு தடவ பாத்துடலாம்,” என்றார் மேலாளர். “சார், அந்த அட்டைப்பெட்டி மூடிக்குப் பின்னாடி போங்க. நீங்கதான் ஆமை.”

அதுதான் ஏற்கெனவே தெரியுமே என்று யாரோ சொன்னார்கள். ஆமையார் நாற்காலியிலிருந்து எழுந்தார். நாற்காலியும் இடுப்போடு கூட எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தாடி பிடித்து இழுத்துக் கழற்றினான். முழங்கால் போட்டு, நிமிர்த்தி வைத்த அட்டைக்குப் பின்னால் ஒடுங்கினார். அட்டையின் முன்பக்கத்தில் ஐந்தாம் நம்பரின் படம் ஒட்டப்பட்டது, வாலும் மஞ்சள் பொத்தானுமாக. பக்கத்தில் ஒரு தாளில் மேலாளர் கணக்குகளை எழுதிவைத்தார்.

அட்டைக்குப் பின்னால் இருட்டாக, பசை வாசனையாக இருந்தது. அவருக்கு யாரும் தெரியவில்லை. பொத்தான் மேல் ஒரு விரல் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இருக்கியா?”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. பொத்தானில் அவரே எழுதியது. ஆயிரம் தடவை சொன்னது. ஆனால் அதெல்லாம் அவர் குரல் கேட்டு அவரே சொன்ன பதில்கள். கடைசியாக இன்னொரு தொண்டை இதை அவரிடம் கேட்டது எப்போது என்று நினைக்கப்போய், பதில் சொல்லவே மறந்துபோனார்.

மறுபடியும் விரல் தட்டியது, கொஞ்சம் மெதுவாக. “இருக்கியா?”

“இருக்கேன்,” என்றார் ஆமையார்.

“லேட்டா சொல்லுது,” என்று ஐந்தாம் நம்பர் யாரிடமோ தீர்ப்பு சொன்னாள். “பரவால்ல, ஆமைதானே.”

அதற்குப் பிறகு பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் ஓடியது. பக்கம் முடிகிற இடத்தில் பென்சில் ஓய்ந்து, விரல் இன்னொரு தடவை பொத்தானைத் தட்டியது. இந்த முறை அவர் தயாராக இருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டார். முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புகார் சொல்லின. வழக்கம்போல டேப்லெட்டை மேஜையில் சாய்த்து வைத்தார். பழைய பதிப்புதான், திங்கட்கிழமை தாடி மாற்றிவிடுவான். முதல் கணக்கைத் திறந்தார். கைகளை மடியில் வைத்து மூலையைப் பார்த்தார். அப்புறம் கைபேசியை எடுத்தார்.

அக்காவுக்கு வேலை இருக்கும். குழந்தைகள் அப்போதுதான் தூங்கியிருக்கும். காரணங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை. ஒருவேளை இருந்துட்டா?

மணி நெடுநேரம் அடித்தது.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள் அக்கா, எடுத்ததும்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா.”

“மறைக்காம சொல்லு. நீயா போன் பண்ணியிருக்கேன்னா எதோ ஆகியிருக்கு. ஆஸ்பத்திரியா?”

“இல்லக்கா. சும்மாதான். இருக்கியான்னு கேக்கலாம்னு.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. அதைப் பார்த்து இன்னொன்றும் ஆரம்பித்தது. அக்கா பேசவில்லை. தெரிந்தவரை அவள் போனில் பேசாமல் இருப்பது இதுதான் முதல்முறை.

“இருக்கேன்டா,” என்றாள் கடைசியில். குரல் என்னவோபோல இருந்தது. “எங்க போகப் போறேன். இதுங்க ரெண்டுக்கும் நடுவுல நான் இருக்கேனா இல்லையான்னு பாக்க எனக்கே நேரமில்ல.” பிறகு அவசரமாக, “வெச்சுடாத. இதுங்களத் தட்டிக் குடுத்துட்டு வரேன். வெச்சுடாத என்ன?”

போனை எங்கோ வைத்தாள். அவர் காதிலிருந்து எடுக்கவில்லை. தூரத்தில் அழுகை, அக்காவின் தாலாட்டா அதட்டலா என்று தெரியாத ஒரு சத்தம், ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. தனக்கென்று இல்லாத அந்தச் சத்தத்தையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் ஆமை தலையை நீட்டியது. நடந்தது. நல்ல நடைதான். வால்தான் இல்லை.

“இருக்கியா?”

அவர் பொத்தானைத் தொடவில்லை. கை ஒழியவில்லை. ஆமை கழுத்தைத் தூக்கியபடி நின்றது. எவ்வளவு நேரமானாலும் நிற்கும், அப்படித்தான் அவர் செய்திருந்தார்.

“யாருடா அது குரல்?” அக்கா திரும்பி வந்திருந்தாள். அவள் குரலில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. “வீட்டுல ஆள் இருக்கா?”

“ஆள் இல்லக்கா. ஆமை.”

“ஆமையா! வீட்டுக்குள்ளயா! ஏன்டா, இந்த வயசுலயாவது உனக்குப் புத்தி வேண்டாம்? ஆமை புகுந்த வீடு...”

“தெரியும்க்கா,” என்றார் ஆமையார். நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார். “நீ முழுசாச் சொல்லு. கேட்டுட்டிருக்கேன்.”